கொதிக்கும் காரும் கிணற்றுத் தண்ணீரும்

வடக்கிலிருந்து கண்டிக்குச் செல்வோர் மாத்தளையைக் கடந்ததும் பலகடுவ என்னும் ஏற்றத்தைச் சந்திப்பர். வளைந்து வளைந்து ஏறும் அவ்வீதியில், தை மாதத்து நண்பகல் ஒன்றில், எங்கள் பழைய மொறிஸ் மைனர் கார் நின்றுபோயிற்று. பொனற்றின் இடுக்குகளிலிருந்து வெண்ணிற நீராவி குபுகுபுவெனக் கிளம்பியது. எண்பத்திரண்டு வயதான என் தாயார் வீதியோர மதில் ஒன்றின்மேல் குடை பிடித்தபடி இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்தார். கண்டியிலே அண்ணாவின் மகளுக்குத் திருமண நிச்சயம் நடந்து முடிந்த பின்னரே நாங்கள் அவ்வீட்டுப் படியை மிதித்தோம்.

“இந்தக் கிழட்டுக் காரை இன்னும் ஏன் கட்டி அழுகிறாய்? விற்றுவிடு” என்றார் அண்ணா. கொழும்பிலிருந்து ஒருவர் நல்ல விலை கூறியிருந்தமையும் அவருக்குத் தெரியும். ஆனால் பெறாமகள் மட்டும் என்னைத் தனியே அழைத்து, “சித்தப்பா, ஆவணியிலே நான் அப்பப்பாவின் காரிலேதான் மண்டபத்துக்குப் போவேன். எப்படியாவது திருத்திக் கொண்டுவாருங்கோ” என்றாள். இருவர் சொல்லுக்கும் நடுவே நின்ற எனக்கு ஏழு மாதத் தவணை கிடைத்தது. அந்த ஏழு மாதங்களில் நான் கற்றுக்கொண்டவற்றை, பழைய கார் வைத்திருக்கும் குடும்பங்களுக்கும் பௌதிகம் பயிலும் மாணவர்க்கும் பயன்படும் எனக் கருதி இங்கே எழுதுகின்றேன்.

காரின் வரலாறு

மொறிஸ் மைனர் 1948 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே அறிமுகமான கார். பின்னாளில் மினி என்னும் சிறு காரையும் வடிவமைத்துப் புகழ்பெற்ற அலெக் இசிகோனிஸ் என்பவரே இதனையும் வடிவமைத்தார். 1960 ஆம் ஆண்டின் முடிவில் பத்து இலட்சமாவது மைனர் வெளிவந்தது. இலங்கையில் ஆசிரியர், எழுதுவினைஞர், வைத்தியர் எனப் பலருடைய வீட்டு வாசலிலும் ஒரு காலத்தில் இந்தக் காரே நின்றது.

ஆசிரியராயிருந்த எங்கள் ஐயா 1963 ஆம் ஆண்டில் இதனை வாங்கினார். 1098 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய இயந்திரம் பூட்டியது. 1990 ஆம் ஆண்டுக்குப் பின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, ஊரிலிருந்த பழைய கார்கள் யாவும் போலவே இதுவும் மண்ணெண்ணெயில் ஓடிற்று. சிறிது பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை எழுப்பி, பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் அந்த வித்தையை அக்காலத்துச் சிறுவர்களும் அறிவர். 1995 ஆம் ஆண்டின் இடப்பெயர்வுக்குப் பின் கார் கொட்டிலிலே நெடுநாள் உறங்கியது. ஐயா காலமான பின், 2014 ஆம் ஆண்டில் நானே அதனைத் திரும்ப எழுப்பினேன். அன்று முதல் கொதிப்பு வருத்தமும் சிறிது சிறிதாகத் தொடங்கியது.

ஏற்றத்தில் ஏன் கொதிக்கிறது?

இயந்திரத்தில் எரியும் பெற்றோலின் சக்தி முழுவதும் சக்கரத்தைச் சென்றடைவதில்லை. ஏறக்குறைய நாலில் ஒரு பங்கே வண்டியை ஓட்டுகிறது. எஞ்சியதிற் பெரும்பகுதி புகையோடு வெளியேற, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இயந்திரத்தைச் சூழ ஓடும் நீரில் இறங்குகிறது. அந்த நீர் றேடியேற்றருக்குச் சென்று, காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பவேண்டும். கொடுக்கல் வாங்கல் சரியாயிருக்கும் வரை தொல்லையில்லை. வரவு மிகுந்து செலவு குறையும்போது நீர் கொதிக்கிறது.

வன்னியின் சமதரையில் எங்கள் கார் மணிக்கு அறுபது கிலோமீற்றர் வேகத்தில் முறைப்பாடின்றி ஓடிற்று. முன்னாலிருந்து வீசும் காற்றே றேடியேற்றரின் குறையை மறைத்துவிட்டது. ஏற்றத்திலோ இரண்டாம் கியரில் இயந்திரம் கடுமையாக உழைக்கிறது. வண்டி மெல்ல ஊர்வதாற் காற்றும் குறைவு. மறைந்திருந்த குறை அங்கேதான் வெளிப்படுகிறது. ஆகையால் மலையைக் குறைகூறுவதிற் பயனில்லை. யாழ்ப்பாணத்திலிருந்தே கூட்டிச்சென்ற நோயை மலை காட்டிக்கொடுத்தது, அவ்வளவே.

றேடியேற்றரின் மூடியும் வெறும் மூடியன்று. அதனுள்ளே ஒரு சுருள்வில் இருக்கிறது. சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அமுக்கம் வரும்வரை அந்த வில் நீரை உள்ளே அடக்கி வைக்குமாயின், நீர் 100 பாகை செல்சியசில் கொதியாமல் 110 பாகைக்குச் சற்று மேலேயே கொதிக்கும். வில் தளர்ந்தால் அந்தக் காவல் நீங்கிவிடும். அதற்கு மேலும், உயரம் கூடக் கூடக் கொதிநிலை இறங்குகிறது. 300 மீற்றருக்கு ஏறத்தாழ ஒரு பாகை குறையும் எனக் கொள்ளலாம். 1,800 மீற்றருக்கு மேல் உயரமுள்ள நுவரெலியாவில் திறந்த பாத்திரத்து நீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். மலைநாட்டுக்குச் செல்பவர் மூடியைப் புறக்கணிக்கலாகாது என்பதற்குக் காரணம் இதுவே.

நோயறியாத மருந்துகள்

முதலிற் சென்ற கராஜில், மூடியைக்கூடப் பாராமல், “இதற்குத் தேர்மோஸ்ரற் தேவையில்லை, நமது நாடு சூடான நாடு” என்று அதனைக் கழற்றி எறிந்தார்கள். இயந்திரம் சூடேறும் வரை நீரை றேடியேற்றருக்கு விடாமல் தடுத்து, சூடேறியதும் வழிவிடும் சிறு கதவே தேர்மோஸ்ரற். அதனை எடுத்துவிட்டால் குளிர்ச்சி மிகும் என்பது பலருடைய எண்ணம். ஆனால் மைனரின் இயந்திரத்தில், நீர் றேடியேற்றருக்குச் செல்லாமலே பம்பிக்குத் திரும்பும் குறுக்குவழிக் குழாய் ஒன்று முன்புறத்தில் உண்டு. தேர்மோஸ்ரற்றை எடுப்பவர் அதற்குப் பதிலாக ஓர் உலோக வளையத்தை இட்டுக் குறுக்குவழியை மறைக்கவேண்டும். வெறுமனே கழற்றினால் நீரின் ஒரு பகுதி முன்புறத்திலேயே சுற்றித் திரும்பிவிடும்; பின்னாலுள்ள நாலாவது சிலிண்டர் தாகத்தோடு கிடக்கும்.

இரண்டாவது கராஜில் றேடியேற்றரை மாற்றச் சொன்னார்கள். மூன்றாவது இடத்தில், “இயந்திரத்தைத் தூக்கி எறிந்துவிட்டு யப்பானிய இயந்திரம் ஒன்றைப் பூட்டுவோம்” என்றார்கள். ஓடுமென்பதில் ஐயமில்லை. ஆனால் ஐயாவின் கார் என்று எதனைச் சொல்வது? அன்று மாலை மனம் சோர்ந்து வீடு திரும்பினேன்.

ஒரே ஒரு கேள்வி

எங்கள் ஊரில், தொழிலை விட்டு ஓய்வு பெற்ற முதிய மெக்கானிக் ஒருவர் உள்ளார். கைகள் நடுங்குகின்றன, கண்ணும் மங்கல். அவரிடம் அறிவுரை மட்டுமாவது கேட்போமென்று காரைக் கொண்டுபோனேன். அவர் பொனற்றைத் திறக்கச் சொல்லவில்லை. கதிரையில் இருந்தபடியே ஒரு கேள்வி கேட்டார்.

“தம்பி, இவ்வளவு காலமும் இதுக்கு என்ன தண்ணி விட்டனீங்கள்?”

“கிணத்துத் தண்ணிதான் ஐயா.”

“எத்தனை நாளுக்கு ஒருக்கா?”

“கொஞ்சம் ஒழுக்கு இருக்கு. ஒவ்வொரு நாளும் காலமை அரை லீற்றர் விடுவன்.”

பெரியவர் சிரித்தார். “வீட்டை போய்க் கேத்திலுக்குள்ளை பாருங்கோ. பாத்திட்டு வாங்கோ, பிறகு கதைப்பம்.”

வீடு சென்று கேத்திலைத் திறந்து பார்த்தேன். உட்புறமெங்கும் சாம்பல் வெள்ளை நிறத்தில் ஓடு போலக் கல் படர்ந்திருந்தது. யாழ்ப்பாணத்துக் கேத்தில்கள் எல்லாவற்றிலும் உள்ளதுதான். ஆயினும் அன்றுதான் எனக்கு அதன் பொருள் விளங்கிற்று.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்தது. மழைநீர் அக்கல்லினூடே வடிந்து கிணற்றை அடையும்போது சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. நீரைச் சூடாக்கினால், கரைந்திருந்த கல்சியம் இருகாபனேற்று, கரையாத கல்சியம் காபனேற்றாக மாறிப் படிகிறது. ஒரு லீற்றரில் 300 மில்லிகிராம் படியக்கூடிய சுண்ணாம்பு இருப்பதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு அரை லீற்றர் ஊற்றினால், ஆண்டில் ஏறத்தாழ 55 கிராம். பத்தாண்டில் அரைக் கிலோவுக்கு மேல்! வார்ப்பிரும்பு கடத்தும் வெப்பத்தில் இருபதில் ஒரு பங்கைக்கூடச் சுண்ணாம்புப் படிவு கடத்தாது. இயந்திரத்துக்கு உள்ளேயிருந்து நானே ஒரு கம்பளியைப் போர்த்தி வந்திருக்கிறேன்.

இங்கே மாணவர் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. ஒரு முறை நிரப்பிய நீர் மாறாமலிருந்தால், அதிலுள்ள சுண்ணாம்பு ஒரு முறை படிந்ததோடு தீர்ந்துவிடும். ஒழுகுவதும் ஊற்றுவதுமாக இருந்தாலோ நாள்தோறும் புதிய சுண்ணாம்பு வருகிறது. ஒழுக்கினால் நீர் குறைந்தது. நீர் விட்டதாற் கல் படிந்தது. கல் படிந்ததாற் கொதித்தது. கொதித்ததால் மேலும் நீர் குறைந்தது. மருந்தென்று நான் காலைதோறும் கொடுத்ததே நோயை வளர்த்தது.

அப்பொழுது எனக்கு ஐயாவின் போத்தல்கள் நினைவுக்கு வந்தன. மாரி காலத்தில், முதல் மழைகள் கூரையைக் கழுவிப் போன பின், பீலியின் கீழே கிடாரம் வைத்து நீர் பிடித்து, வெள்ளைத் துணியில் வடித்து, போத்தல்களில் அடைத்து, கொட்டிலில் வரிசையாக அடுக்கி வைப்பார். அவற்றைத் தொட்டால் ஏச்சு விழும். நாங்கள் சிறுவர்கள், “ஐயாவின் காருக்குத் தீர்த்தம்” என்று சொல்லிச் சிரிப்போம். காரணத்தைக் கேட்கவேண்டுமென்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

வரிசையாகச் சோதித்தல்

மறுநாட் காலை பெரியவர் கதிரையிலிருந்து சொல்லச் சொல்ல, நான் செய்தேன். செலவு குறைந்ததிலிருந்து கூடியதற்குச் செல்லவேண்டும் என்பது அவருடைய கொள்கை. அவ்வரிசையை அப்படியே தருகிறேன்.

முதலாவது, மூடி. இயந்திரம் நன்கு ஆறிய பின்பே திறக்கவேண்டும். எங்கள் மூடியின் றப்பர் வெடித்து, வில் துருப்பிடித்திருந்தது.

இரண்டாவது, விசிறிப் பட்டி. அதன் நீண்ட பகுதியின் நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் முதல் ஓரங்குலம் வரை அசையலாம். அதற்கு மேல் தளர்ந்தால் விசிறியும் நீர்ப் பம்பியும் சேர்ந்தே மெதுவாகும். அதே பட்டி டைனமோவையும் சுழற்றுவதால், ஓடும்போது சிவப்பு விளக்கு மினுங்கினாற் பட்டியை ஐயுறலாம்.

மூன்றாவது, ஒழுக்கு. பம்பியின் கீழுள்ள சிறு துளையில் துரு நிறக் கோடு தெரிந்தால் உள்ளடைப்பு தேய்ந்துவிட்டது என்பது பொருள். எங்கள் காரின் ஒழுக்கு அங்கேதான் இருந்தது. றப்பர்க் குழாய்களையும் அமுக்கிப் பார்க்கவேண்டும். கீழ்க்குழாய் மென்மையாகி விட்டால், இயந்திரம் விரையும்போது உறிஞ்சப்பட்டுத் தட்டையாகி நீரைத் தடுக்கும்.

நாலாவது, தேர்மோஸ்ரற். புதியதேயானாலும் சோதித்தே பூட்டவேண்டும். அடுப்பில் நீர் வைத்து, வெப்பமானியோடு அதனையும் நூலிற் கட்டித் தொங்கவிட்டு, அதன்மேற் பொறித்துள்ள பாகையளவில் திறக்கிறதா எனப் பார்க்கலாம். அம்மா தமது குசினியில் இந்த ஆராய்ச்சிக்கு இடம் தந்தார். பால் காய்ச்சும் பாத்திரத்தை மட்டும் தர மறுத்துவிட்டார்.

ஐந்தாவது, றேடியேற்றர். இயந்திரம் சூடேறி நிறுத்திய பின், விசிறி அசையாதபோது, அதன் முகத்தைக் கையால் எச்சரிக்கையோடு தடவினால், அடைபட்ட குழாய்கள் உள்ள இடம் குளிர்ந்திருக்கும். பூச்சியும் புழுதியும் வெளியிதழ்களை அடைத்திருந்தால், பின்புறமிருந்து நீர் பாய்ச்சிக் கழுவலாம்.

ஆறாவது, ஹெட் காஸ்கற். மூடியில்லாமல் குளிர்ந்த நிலையிலிருந்து இயந்திரத்தை ஓட்டும்போது, நீரில் ஓயாது குமிழிகள் வந்தாலோ, எண்ணெய் மூடியின் அடியில் வெண்ணெய் போன்ற நுரை தென்பட்டாலோ காஸ்கற் பழுது. நல்லகாலமாக எங்களுக்கு இஃது இருக்கவில்லை.

ஏழாவது, தீப்பொறி எழும் நேரம். இதனைப் பார்த்தபோது பெரியவர் சற்று நேரம் பேசாதிருந்தார். “இது இன்னும் மண்ணெண்ணெயிலை நிக்குது தம்பி” என்றார். மண்ணெண்ணெயில் ஓடும்போது இயந்திரம் தட்டாதிருப்பதற்காகப் பொறியை நேரம் பிந்தி எழும்படி வைப்பது வழக்கம். பெற்றோலுக்கு மாறிய பின் அதனை எவரும் திரும்பத் திருத்தவில்லை. பொறி பிந்தினால் எரிதலும் பிந்தும். வேலையாக மாறவேண்டிய வெப்பம் வால்வுகளையும் சிலிண்டர்ச் சுவரையும் சுடும். போர்க்காலத்தின் ஒரு சிறு தடம் கால் நூற்றாண்டுக்கு மேலாக எங்கள் காருக்குள்ளே ஒளிந்திருந்தது.

கழுவிய கதை

இயந்திரத்தின் பின்பகுதியில் நீரை வடிக்கும் ஒரு திருகு குழாய் உண்டு. அதனைத் திறந்தோம், ஒரு துளியும் வரவில்லை. குழாயைக் கழற்றி, துளைக்குள் கம்பியை விட்டுக் கிளறினோம். முதலிற் செங்களி போன்ற துருச் சேறு வந்தது. பின் சிறு சிறு ஓடுகளாகச் சுண்ணாம்பு வந்தது. அதன் பின்னரே நீர் பாய்ந்தது. கொட்டிலில் உறங்கிய காலத்துத் துருவும் என் கைப்பட்ட சுண்ணாம்பும் நாலாவது சிலிண்டரைச் சூழ்ந்து கிடந்தன.

பித்தளைப் பாத்திரத்தைப் புளி விளக்குவது போலவும், கேத்திற் கல்லைத் தேசிக்காய்ச் சாறு கரைப்பது போலவும், இப்படிவைச் சித்திரிக் அமிலம் கரைக்கும். பம்பியையும் மூடியையும் புதுப்பித்த பின், ஒரு லீற்றருக்கு 40 கிராம் வீதம் சுடுநீரில் கரைத்து நிரப்பி, அரை மணி நேரம் இயந்திரத்தை ஓட்டி, ஆறவிட்டு வடித்தோம். மூன்று முறை இப்படிச் செய்தோம். முதல் நாள் வந்தது தேநீர்ச் சாயம். மூன்றாம் நாள் வந்தது ஏறக்குறையத் தெளிந்த நீர். பின்னர் அப்பச் சோடா கரைத்த நீரால் எஞ்சிய புளிப்பைப் போக்கி, நல்ல நீரால் பலமுறை அலசினோம். அமிலத்தை இரவு முழுவதும் உள்ளே விடலாகாது. றேடியேற்றரைத் தனியே கழற்றி, மேல்தொட்டியைத் திறந்து குழாய்களைக் குத்தித் துப்புரவாக்குவித்தோம். புதியது வாங்கத் தேவைப்படவில்லை.

இறுதியில் காய்ச்சி வடித்த நீரோடு கூலன்ற் கலந்து நிரப்பினோம். பனி உறையாத நாட்டுக்கு இஃது எதற்கு எனக் கேட்கலாம். அதிலுள்ள துருத்தடுப்பான்களுக்காகவே அதனை விடுகிறோம். ஆனால் பெரும்பாலான கூலன்ற் வகைகள் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. சிறுவர்க்கும் வீட்டு நாய் பூனைகளுக்கும் எட்டாதபடி வைக்கவேண்டும்.

வழியிற் கொதித்தால்

எத்துணை கவனமாயிருந்தும் வழியிற் கொதிக்க நேர்ந்தால், வீதியோரம் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, பொனற்றைத் திறந்துவிட்டுக் காத்திருங்கள். அரை மணி நேரத்துக்குக் குறையாமற் பொறுக்கவேண்டும். சூடான மூடியைத் திறக்கவே கூடாது. அமுக்கத்தில் அடங்கியிருந்த நீர், மூடி நெகிழ்ந்த கணமே ஆவியாகிச் சீறி முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். கொதிக்கும் இயந்திரத்துக்குள் குளிர்நீர் ஊற்றினால் வார்ப்பிரும்பு வெடிக்கவுங்கூடும். அவசரமாகப் போகவேண்டியவர்க்கு அரை மணி நேரம் பெரிதுதான்; வெந்த முகத்துக்கும் வெடித்த இயந்திரத்துக்கும் முன்னே அது சிறிதே.

ஆவணியில்

திருமணத்துக்கு இரண்டு நாள் முன்னதாக, விடியற்புறம் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டோம். அம்மா முன்னாசனத்தில் இருந்தார். தம்புள்ளையில் நிறுத்திப் பார்த்தேன், நீர் குறையவில்லை. மாத்தளையைக் கடந்தபோது எவரும் பேசவில்லை. பலகடுவ ஏற்றத்தில் இரண்டாம் கியருக்கு மாற்றினேன். தையிலே நாங்கள் நின்ற வளைவு வந்தது. அம்மா அமர்ந்திருந்த மதிலும் வந்தது. கார் அதே சத்தத்தோடு, அதே நிதானத்தோடு ஏறிக்கொண்டேயிருந்தது. உச்சியை அடைந்ததும் அம்மா, “அந்த மனிசன் போத்தல் போத்தலாய் நிரப்பினது இதுக்குத்தானே” என்று மட்டும் சொல்லி, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெறாமகள் தன் விருப்பப்படியே அப்பப்பாவின் காரில் மண்டபத்துக்குச் சென்றாள். விற்கும் பேச்சை அண்ணா அதன் பின் எடுக்கவில்லை.

இவ்வாண்டு மாரியில் எங்கள் வீட்டுப் பீலியின் கீழே மீண்டும் ஒரு கிடாரம் இருந்தது. நீரை வடித்துப் போத்தலில் அடைத்துக்கொண்டிருந்தபோது என் இளைய மகன் அருகில் வந்து, “இது எதுக்கு அப்பா?” என்று கேட்டான். நாங்கள் ஒருபோதும் கேளாத கேள்வி அது. அவனை இருத்திவைத்து, குசினியிலிருந்து கேத்திலை எடுத்துவரச் சொன்னேன்.